டொலர் வீதமா, பணத்தின் அளவா: கொழும்பில் ஒரு சிறு வியாபாரி எதைக் கவனிப்பது?

2022 ஜனவரி கடைசியில் எங்கள் கடைக்கு ஒரு கொள்கலன் மைசூர்ப் பருப்பு வந்தது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம். கணக்கு என் பொறுப்பு. 40,000 டொலர் சரக்கு, 90 நாள் தவணை. அன்று வங்கி வீதம் 203 ரூபா. 81 இலட்சத்து 20 ஆயிரம் என்று பேரேட்டில் எழுதி, அந்தக் கணக்கிலேயே கிலோவுக்கு விலை வைத்து, பெப்ரவரி முடிவதற்குள் விற்றுத் தீர்த்தோம். தவணை முடிந்த பிறகும் டொலர் கிடைக்க இரண்டு கிழமை ஆனது. மே நடுப்பகுதியில் காசு கட்டியபோது டொலர் 360. கட்டிய தொகை 1 கோடி 44 இலட்சம். விற்ற பருப்பை வாங்கியவர்களிடம் போய் மிச்சக் காசு கேட்க முடியுமா? 62 இலட்சத்து 80 ஆயிரம் எங்கள் கையை விட்டுப் போனது.

அந்த நாட்களில் நான் தினமும் காலையில் வீதம் பார்த்தேன். 2021 செப்டெம்பரிலிருந்து அது 200க்கும் 203க்கும் இடையில் கிடந்தது. ஒருமுறை முதலாளியிடம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்றேன். "தம்பி, வீதம் அசையேல்லைத்தானே, ஏன் பயப்பிடுறீர்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பயம் இருந்தது, ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்ட என்னிடம் ஒரு எண்ணும் இல்லை. எண்கள் எல்லாம் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம் என்று கிடந்தன. எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று வருடமாக ஒரு கொப்பியில் பல எண்களைக் குறித்துவருகிறேன். இறக்குமதி செய்பவர்கள், பிள்ளையை வெளிநாட்டில் படிக்க விட்டவர்கள், நிலையான வைப்பின் வட்டியில் சீவிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாது. எது யாருக்கு உதவும், எங்கே ஏமாற்றும் என்பதை என் அனுபவத்தில் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் டொலர் வீதம். எளிதில் கிடைப்பது, தினமும் மாறுவது, எல்லோருக்கும் விளங்குவது இதுதான். 2001 ஜனவரியில் ரூபாவை மிதக்க விட்டார்கள். அப்படியென்றால் அதன் விலையைச் சந்தை தீர்மானிக்க வேண்டும். நடைமுறையில் பல தடவை மத்திய வங்கி கையிருப்பு டொலரை விற்று அல்லது வங்கிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடித்து வைத்திருக்கும்போது வீதம் ஒரு செய்தியும் சொல்லாது. ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே மழையில்லை என்பது மாதிரி. 2022 மார்ச் 7 அன்று பிடி தளர்ந்தது. மே மாதத்தில் 360, வருட முடிவில் 363. பிறகு 2023 முடிவில் 324, 2024 முடிவில் 293 அளவுக்கு இறங்கியது. 2025இல் மெல்ல 300ஐத் தாண்டியது.

அந்தக் கடைசி இரண்டு வருடங்களில் வீதம் நல்ல குறிகாட்டியாகத்தான் இருந்தது, ஏனென்றால் தினமும் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் நகர்ந்தது. நான் இப்போது வீதத்தின் அளவை விட இரண்டு விடயங்களைக் கவனிக்கிறேன். ஒன்று, அது நகர்கிறதா. பல கிழமையாக ஒரே இடத்தில் நின்றால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. மற்றது, வங்கி வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. சந்தையில் டொலர் தாராளமாக இருந்தால் இடைவெளி ஒடுங்கும், தட்டுப்பாடு வந்தால் அகலும். அதை விடவும் தெளிவான அடையாளம், காசு கட்டத் தயாராக இருந்தும் வங்கி "நாளைக்கு வாருங்கள்" என்பது. விலைப்பட்டியலில் 203 என்று எழுதியிருந்தும் அந்த விலைக்குப் பொருள் இல்லையென்றால் அது விலையே இல்லை.

வங்கி வீதத்தை நம்பாதவர்கள் வேறு இரண்டு இடத்தைப் பார்ப்பார்கள். செட்டியார் தெருப் பவுண் விலை ஒன்று. தங்கத்தின் உலக விலை டொலரில் இருப்பதால் இங்கே பவுண் ஏறினால் ரூபா இறங்குகிறது என்று கணக்குப் போடுவது எங்கள் பழைய வழக்கம். 2021 கடைசியில் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையிலேயே ஒரு அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. ரூபா பெரிதாக அசையாமலே செட்டியார் தெருவில் விலை பறந்தது. பவுண் விலையை வைத்து ரூபாவைக் கணிப்பதை நான் அதோடு விட்டுவிட்டேன். நகை வாங்க அந்த விலை வேண்டும், நாணயத்தைக் கணிக்க வேண்டாம்.

மற்றது உண்டியல் விலை. வெளிநாட்டில் இருப்பவர் அங்கே காசைக் கொடுக்க, இங்கே ஒருவர் ரூபாவைக் கொண்டுவந்து தருவார். அனுமதியில்லாமல் செய்யப்படும் இந்தப் பரிமாற்றம் சட்டவிரோதம், நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அதன் நிழல் ஒரு பகிரங்க எண்ணில் விழுகிறது. மாதாமாதம் வெளியாகும் வெளிநாட்டுத் தொழிலாளர் பணவனுப்பல் கணக்கைச் சொல்கிறேன். 2020 டிசம்பரில் 813 மில்லியன் டொலர் வந்தது. 2021 டிசம்பரில் 325 மில்லியன். டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை கொடுத்தும் அந்த அளவுதான். ஒரே வருடத்தில் எங்கள் சனம் வீட்டுக்குக் காசு அனுப்புவதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. பாதை மாறியது. வங்கி தரும் விலை பொய் என்று கட்டாரிலும் குவைத்திலும் வேலை செய்தவர்களுக்கு எனக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. பணவனுப்பல் திடீரென்று விழுந்தால், வீதம் அசையாமல் நின்றாலும், அது எச்சரிக்கை. 2022இல் முழு வருடத்துக்கும் 3.8 பில்லியன், 2024இல் 6.6 பில்லியன். இந்த ஒரு எண்ணுக்காகவே மாதம் ஒருமுறை அந்த இணையத்தளத்துக்குப் போகலாம்.

சரி, பணத்தின் அளவுக்கு வருவோம். இங்கேதான் விடயம் கனமானது.

பணம் எவ்வளவு புழங்குகிறது என்று சொல்ல மத்திய வங்கி பல அளவைகளை வெளியிடுகிறது. ஒதுக்குப் பணம் என்பது வெளியே புழங்கும் தாள்களும் குற்றிகளும், வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் வைப்பும் சேர்ந்தது. ஒடுங்கிய பணம் என்பது மக்கள் கையிலுள்ள காசும் நடைமுறைக் கணக்குகளும். சேமிப்பையும் நிலையான வைப்பையும் சேர்த்தால் விரிந்த பணம். வெளிநாட்டு நாணயக் கணக்குகளையும் சேர்த்த பெரிய அளவையை எம்2பி என்கிறார்கள். செய்தியில் "பண நிரம்பல் இத்தனை வீதம் கூடியது" என்று வந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

"காசு அச்சடிக்கிறார்கள்" என்ற பேச்சு வந்ததும் பலர் ஒதுக்குப் பணத்தைத் தேடுவார்கள். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் விழுந்தேன். 2020இல் ஒதுக்குப் பணம் 3 வீதம் அளவுக்குத்தான் கூடியது. அடுத்த வருடம் 35 வீதம். எண்ணை மட்டும் பார்த்தால் 2020இல் எல்லாம் அமைதி, 2021இல் பெருவெள்ளம். உண்மை அப்படியில்லை. வங்கிகள் தங்கள் வைப்புகளில் ஒரு பங்கை மத்திய வங்கியில் கட்டாயம் வைக்க வேண்டும், அதுதான் நியதி ஒதுக்கு வீதம். 2020 ஜூனில் அதை 4இலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். முடங்கிக் கிடந்த பணம் வங்கிகளின் கைக்கு வந்தது, ஆனால் கணக்கில் ஒதுக்குப் பணம் குறைந்தது போலத் தெரிந்தது. 2021 செப்டெம்பரில் மறுபடி 4 ஆக்கினார்கள். உடனே அது வீங்கியது போலத் தெரிந்தது. இறுக்கும்போது ஏறி, தளர்த்தும்போது இறங்குகிற எண்ணை வைத்து ஒரு கடைக்காரர் என்ன முடிவெடுப்பது? ஒதுக்கு வீதம் மாறிய வருடங்களில் அதைத் தொடவே வேண்டாம்.

எம்2பி அதை விட நேர்மையானது. 2020இல் அது 23.4 வீதம் கூடியது. பெருந்தொற்றில் நாடு பூட்டிக் கிடந்த, உற்பத்தி சுருங்கிய வருடம் அது. பொருள் குறைய, காசு கால்வாசி கூடியிருக்கிறது. அந்த வருட டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் வெறும் 4.2 வீதம். கடையில் யாரும் ஒன்றையும் உணரவில்லை. 2021 டிசம்பரில் 12.1. 2022 செப்டெம்பரில் 69.8, உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9. முழுப் பழியையும் பணத்தின் மேல் போட முடியாது. இரசாயன உரத் தடை, உக்ரைன் போர், ரூபாவின் வீழ்ச்சி எல்லாம் சேர்ந்துதான் அந்த உச்சம். ஆனாலும் முதல் எச்சரிக்கை எந்த எண்ணில் வந்தது என்று கேட்டால், வீதத்திலும் இல்லை, விலைவாசியிலும் இல்லை. எம்2பியில் வந்தது, ஒரு வருடத்துக்கு மேல் முந்தி.

அதற்காக எம்2பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? போதாது. 2022இல் அது 15 வீதத்துக்குச் சற்று மேல் கூடியதாகக் காட்டியது. அதில் ஒரு பகுதி வெறும் கணக்கு வீக்கம். டொலர் கணக்கில் கிடந்த ஆயிரம் டொலர் ஆயிரம் டொலராகவே இருந்தது, ரூபாவில் எழுதும்போது 2 இலட்சம் 3 இலட்சத்து 60 ஆயிரம் ஆனது. ரூபா விழுந்த வருடத்தில் எம்2பியைப் பார்ப்பவர்கள் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், 2023இலும் 2024இலும் பணம் கூடிக்கொண்டே இருந்தது, விலைவாசியோ 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்குக் கீழே போனது. மின்கட்டணம் குறைந்தது, ரூபா வலுத்தது, மக்கள் பயத்தில் செலவைச் சுருக்கினார்கள். காசு இருந்தும் கை மாறாவிட்டால் விலை ஏறாது. மத்திய வங்கியே 1980களிலிருந்து பணத்தின் அளவை இலக்காக வைத்து நடந்துவந்து, பிறகு அதை விட்டுப் பணவீக்கத்தையே நேரடி இலக்காக எடுத்துக்கொண்டது. இப்போதைய இலக்கு 5 வீதம். அளவுக்கும் விலைக்கும் உள்ள கயிறு அவ்வளவு நீளமானது, தொய்வானது.

அப்புறம் எதைத்தான் பார்ப்பது? பணம் எவ்வளவு கூடியது என்பதை விட அது எந்தக் கதவால் உள்ளே வந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்பேன். இந்த மூன்று வருடக் கொப்பி எனக்குக் கற்றுத் தந்தது இது ஒன்றுதான்.

பணம் பெருக முக்கியமாக மூன்று கதவுகள். அரசுக்குக் கொடுக்கும் கடன். தனியாருக்குக் கொடுக்கும் கடன். வெளிநாட்டுச் சொத்து, அதாவது டொலர் உள்ளே வந்து அதற்கு ஈடாக ரூபா வெளியே போவது. மூன்றிலும் வந்த ரூபாத் தாளுக்கு வித்தியாசமில்லை, விளைவுக்கு நிறைய வித்தியாசம் உண்டு. மத்திய வங்கி டொலர் வாங்கிக் கொடுத்த ரூபாவுக்குப் பின்னால் ஒரு டொலர் நிற்கிறது. நாளைக்கு அந்த ரூபா இறக்குமதிக்காக டொலரைத் தேடிப் போனால் கொடுக்க ஏதோ இருக்கிறது. அரசின் பற்றாக்குறைக்காக மத்திய வங்கி திறைசேரி உண்டியலை (அரசு குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரம்) வாங்கிக் கொடுத்த ரூபாவும் அதே டொலரைத்தான் தேடிப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது.

2019 முடிவில் மத்திய வங்கியின் கையில் இருந்த அரச பிணையங்கள், அதாவது திறைசேரி உண்டியல் போன்ற அரசின் கடன் பத்திரங்கள், 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2021 முடிவில் அது ஒரு ட்ரில்லியனைத் தாண்டியிருந்தது. இடையில் நடந்தது புதன்கிழமைகளில் நடக்கும் திறைசேரி உண்டியல் ஏலங்களிலேயே தெரிந்தது. வட்டிக்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள், அந்த வட்டிக்கு வாங்க ஆளில்லை, விற்காமல் எஞ்சிய உண்டியல்களை மத்திய வங்கி எடுத்துக்கொண்டது. அதே நேரம் வெளிநாட்டுக் கதவு உள்ளிருந்து வெளியே திறந்திருந்தது. அலுவல்சார் ஒதுக்கு, அதாவது நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு, 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலர், 2020இல் 5.7, 2021 நவம்பரில் 1.6. டிசம்பரில் 3.1 என்று காட்டினார்கள், அதில் ஏறக்குறைய பாதி சீன மத்திய வங்கியோடு செய்த யுவான் பரிமாற்றம், எடுத்துச் செலவழிக்க முடியாத காசு. மத்திய வங்கியின் தேறிய வெளிநாட்டுச் சொத்து, அதாவது வெளிநாட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கழித்த மிச்சம், அந்த வருடமே கழித்தல் குறிக்குள் போய்விட்டது. அரச பிணையங்கள், ஒதுக்கு என்ற இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் 2022 ஜனவரியில் 90 நாள் தவணைக்கு நான் கையெழுத்துக்கு அனுப்பியிருக்க மாட்டேன். அந்த மாதம் 500 மில்லியன் டொலர் கடன்முறியைத் திருப்பிக் கட்டியதை நல்ல செய்தி என்று நினைத்தேன். மிச்சம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள்.

ஆக 2021இல் பார்த்திருக்க வேண்டியது அரசுக் கதவு. இன்றும் அதையேதான் பார்க்க வேண்டுமா? இங்கே நிலைமை மாறியிருக்கிறது. 2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதையும் திறைசேரி உண்டியலை ஏலத்திலேயே வாங்குவதையும் தடுக்கிறது. ஏற்கெனவே விற்ற பத்திரங்கள் கைமாறும் இரண்டாந்தரச் சந்தையில் நாணயக் கொள்கைக்காக வாங்க இடமிருக்கிறது, அதனால் அந்தக் கதவுக்கு ஒரு கண் வைக்கத்தான் வேண்டும். ஆனால் வெள்ளம் அந்த வழியால் வரும் வாய்ப்பு முன்பைவிடக் குறைவு. இப்போது நான் அதிகம் கவனிப்பது தனியார் கடன். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியை மறுபடி திறந்தார்கள். வட்டி குறைந்திருந்தது, கடன் வேகமாகக் கூடியது. குத்தகையில் வாங்கும் ஒவ்வொரு காருக்கும் ரூபாக் கடன் ஒன்று பிறக்கிறது, டொலர் ஒன்று வெளியே போகிறது. இது கெட்டது என்று சொல்லவில்லை. பொருளாதாரம் எழும்பும்போது கடன் கூடும்தான். தனியார் கடன் விரைந்து கூட, ஒதுக்கும் கூடினால் நிம்மதி. ஒதுக்கு நின்றுபோய்க் கடன் மட்டும் ஓடினால் என் தவணையைக் குறைப்பேன்.

இத்தனையும் யாருக்கு எவ்வளவு தேவை? எங்களைப் போல 60 அல்லது 90 நாள் தவணையில் இறக்குமதி செய்பவர்களுக்கு முதலில் ஒதுக்கு, அடுத்து பணவனுப்பல், மூன்றாவதாக வீதம் நகர்கிறதா என்பது. எம்2பி காலாண்டுக்கு ஒருமுறை போதும். அந்தத் தரவு எப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் பிந்தித்தான் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் மத்திய வங்கி வெளியிடும் வாராந்தப் பொருளாதாரக் குறிகாட்டிகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் கிடைக்கும், அரை மணித்தியாலம் செலவழித்தால் போதும். ஏற்றுமதிக்காரர்கள் டொலருக்கு எதிரான வீதத்தோடு மட்டும் நிற்காமல் உண்மைத் தாக்கமுள்ள செலாவணி வீதச் சுட்டெண்ணையும் பார்க்க வேண்டும். மற்ற நாட்டு நாணயங்களோடும் விலைவாசியோடும் ஒப்பிட்டு ரூபா எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். எனக்கு அதில் வேலையில்லை.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்களுக்கு வேறு ஆலோசனை. மூன்று வருடக் கட்டணத்தை எண்களைப் பார்த்துக் கணித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெள்ளவத்தையில் என் அக்கா மகளுக்கு இந்த வருடம் கனடாவில் இடம் கிடைத்தது. அத்தான் 293 வரும் வரை காத்திருக்கலாம் என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஆறு மாதக் கட்டணத்தை வங்கியூடாக இப்போதே கட்டுங்கள், மிச்சத்தைத் தவணை தவணையாக மாற்றுங்கள் என்றேன். அவர்கள் பார்க்க வேண்டிய எண் ஒதுக்கு ஒன்றுதான். நாட்டின் ஒரு மாத இறக்குமதிக்கு இத்தனை டொலர் தேவை, கையில் இத்தனை இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும் என்ற வகுத்தல் கணக்கு. 2021 நவம்பரில் அது ஏறக்குறைய ஒரு மாதம். மூன்று மாதத்துக்குக் கீழே போனால் மிச்சக் கட்டணத்தையும் அவசரப்படுத்துங்கள்.

நிலையான வைப்பில் இருப்பவர்களுக்குத்தான் எம்2பி உண்மையாகப் பயன்படும். அவர்களின் கேள்வி நாளைய டொலர் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து இந்த வட்டி அரிசி வாங்கப் போதுமா என்பது. 2020இல் 23 வீதம் பணம் கூடியபோது ஐந்து வருட வைப்பில் போட்டவர்கள் 2022இல் பட்ட பாட்டை நான் பார்த்தேன். குறுகிய காலத்துக்குப் போட்டவர்கள், திறைசேரி உண்டியல் 30 வீதத்துக்கு மேல் போனபோது மாறிக்கொண்டார்கள். எம்2பி வருடத்துக்கு 15, 20 வீதம் என்று கூடத் தொடங்கி, வைப்பு வட்டி ஒற்றை இலக்கத்தில் இருந்தால், ஐந்து வருடத்துக்குப் பூட்டாதீர்கள். ஒரு வருடம், அல்லது ஆறு மாதம். நாணயக் கொள்கை மீளாய்வு வருடத்தில் ஆறு தடவை வருகிறது, தமிழிலும் வருகிறது. வட்டி வீதம் மாறியதா என்பதைப் பார்த்துவிட்டு மூடாமல், தனியார் கடன் பற்றிய பந்தியையும் வாசியுங்கள்.

எங்கள் கடையில் இப்போதும் தவணைக்குத்தான் சரக்கு எடுக்கிறோம், வேறு வழியில்லை. போன கொள்கலனுக்கு 60 நாள் வாங்கினோம், 90 கிடைத்தும் எடுக்கவில்லை. கட்ட வேண்டிய டொலரில் பாதிக்கு வங்கியில் முன்கூட்டியே வீதத்தைப் பதிவுசெய்தோம். முதலாளி கொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.